தலைமாட்டில் ஓர் அடை – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளைச் சில ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். எழுதுவது இதுவே முதல்முறை. நான் தென்மாவட்டத்துச் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை ஒன்றைச் சேர்ந்தவள். வயது 44. அரசுப் பள்ளி ஆசிரியை. சபையின் ஓய்வுநாள் பள்ளியில் 19 ஆண்டுகளாக வகுப்பெடுக்கிறேன். புதன்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம், வெள்ளிக்கிழமை பெண்கள் ஐக்கிய சங்கம், சனிக்கிழமை பாடகர் குழுவின் பயிற்சி என்று வாரம் ஓடிவிடும். என் மாமியார் இரண்டு ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கிறார்கள். அவர்களைத் துடைத்து உடை மாற்றி, கஞ்சி கொடுத்துவிட்டு, ஞாயிறன்று இரண்டாம் மணி அடிப்பதற்குள் கோயிலுக்குப் போய்ச் சேர்வதே பெரும்பாடு.

சென்ற ஓராண்டாக என்னால் ஜெபிக்க முடியவில்லை. முழங்கால்படியிட்டால் வாய் தானாகச் சொற்களைச் சொல்கிறது. உள்ளே ஒன்றும் அசைவதில்லை. இதை ஒருமுறை சங்கக் கூட்டத்தில் வாய்விட்டுச் சொன்னேன். ஜெபக்குறைவு, உபவாசமிருங்கள் என்றார்கள். மூன்று நாள் கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போனேன். அழுதேன், புதிதாகிவிட்டேன் என்றே நம்பினேன். ஊர் திரும்பி வியாழக்கிழமை வருவதற்குள் எல்லாம் வற்றிவிட்டது.

இந்தக் கோடை விடுமுறையில், உடன் பணிபுரியும் கத்தோலிக்க ஆசிரியை ஒருவர் குளித்தலைக்கு அருகிலுள்ள சாந்திவனம் என்ற கத்தோலிக்க ஆசிரமத்துக்கு என்னை அழைத்துப்போனார். இரண்டு நாள் தங்கினோம். உண்மையைச் சொன்னால், அதில் பெரும்பகுதி நேரம் தூங்கினேன். காலை வழிபாட்டுக்குக்கூட எழவில்லை. இரண்டாம் நாள் மாலை காவிரிக் கரையில் உட்கார்ந்து 131-ஆம் சங்கீதத்தை வாசித்தேன். மூன்றே வசனம். அதற்குமேல் வாசிக்கத் தோன்றவில்லை. போதும் என்று இருந்தது. அப்படி இருந்து எத்தனையோ நாளாயிற்று.

திரும்பி வந்ததும், "இந்து ஆசிரமத்துக்கா போய்விட்டு வந்தீர்கள்?" என்று சபையில் ஒருவர் கேட்டார். இன்னொருவர், சபை கூடிவருதலை விட்டுவிடக் கூடாது என்ற எபிரெயர் நிருப வசனத்தை வாட்ஸப்பில் அனுப்பினார்.

ஜெபிக்கப் போன இடத்தில் தூங்கிவிட்டு வந்தது வீண்தானா? சபையை விட்டு விலகிய இடத்தில் கிடைத்த இளைப்பாறுதலை நம்பலாமா? ஐக்கியம் என்ற சொல்லை வாரத்தில் நான்கு நாள் கேட்கிறேன். ஆனால் இளைப்பாற வேண்டுமென்றால் அந்த ஐக்கியத்தை விட்டு ஓடத்தான் தோன்றுகிறது. இது என் குறையா?

பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

தூங்கிவிட்டேன் என்று குற்றம்போல எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியிலிருந்தே தொடங்கலாம். வேதாகமத்தில் அந்தக் குற்றத்தைப் பெரிய அளவில் செய்தவர் எலியா தீர்க்கதரிசி. கர்மேல் மலையில் அக்கினி இறங்கக் கண்டு, மூன்றாண்டுப் பஞ்சத்துக்குப் பின் மழை பெய்யக் கண்டு, ஆகாப் ராஜாவின் இரதத்துக்கு முன்னே யெஸ்ரயேல்வரை ஓடிய அந்த மனிதர், ராணி யேசபேலின் ஒரே ஒரு மிரட்டலில் உடைந்துபோய்ப் பெயெர்செபாவுக்கு ஓடுகிறார். தன் வேலைக்காரனை அங்கே விட்டுவிட்டு, தனியாக ஒருநாள் பயணம் வனாந்தரத்தில் நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சொல்லிப் படுத்துத் தூங்கிவிடுகிறார். உங்கள் கன்வென்ஷனுக்கும் அந்த வியாழக்கிழமைக்கும் இடையிலிருந்த தூரம்தான் கர்மேலுக்கும் சூரைச்செடிக்கும் இடையிலும் இருந்தது.

பிரசங்கங்களில் இந்த இடத்தை வேகமாகக் கடந்து ஓரேப் மலைக்கும் அங்கே கேட்ட மெல்லிய சத்தத்துக்கும் போய்விடுவார்கள். நான் சூரைச்செடியடியிலேயே சற்று நிற்க விரும்புகிறேன். தூதன் வந்து தட்டி எழுப்புகிறான். கடிந்துகொள்ளவில்லை, விசுவாசக்குறைவைப் பற்றிப் பேசவில்லை, ஜெபிக்கச் சொல்லவுமில்லை. "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கின்றன. (இந்த அடையைச் சிறுவயதில் என் அம்மா இரும்புக் கல்லில் வார்க்கும் பருப்படையாகவே கற்பனை செய்துகொண்டேன்; பிற்பாடு அது வேறு வகை அப்பம் என்று தெரிந்தபின்னும் படத்தை மாற்றிக்கொள்ள மனம் வரவில்லை.) எலியா சாப்பிடுகிறார், சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்குகிறார். தூதன் இரண்டாம் முறை வந்து எழுப்பி, மறுபடியும் சாப்பிடத்தான் சொல்கிறான். இம்முறை காரணமும் சேர்ந்துகொள்கிறது: நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம். "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வி அதற்கும் 40 நாள் கழித்து, ஓரேபில், உண்டு உறங்கித் தெளிந்த மனிதரிடம்தான் கேட்கப்படுகிறது. உங்களிடம் உங்கள் சபையார் அந்தக் கேள்வியை முதலில் கேட்டுவிட்டார்கள். அடையை வைக்க மறந்துவிட்டார்கள்.

கன்வென்ஷனில் நீங்கள் அழுதது பொய் என்று சொல்லமாட்டேன். 1860-இல் அருளப்பன் என்ற சுவிசேஷகரைச் சுற்றித் திருநெல்வேலிச் சீமையில் ஓர் எழுப்புதல், அதாவது பெரிய பக்தி விழிப்பு, உண்டாயிற்று. அப்படிப்பட்ட ஒன்று தங்கள் காலத்திலும் வராதா என்ற ஏக்கத்தோடுதான் நம் ஊர்களில் இன்றும் பந்தல் போட்டுக் கூட்டம் நடத்துகிறார்கள், அந்த ஏக்கத்தில் குறைகாண எனக்கு மனமில்லை. ஆனால் எழுப்புதல் என்பது தூங்குகிறவருக்கு உரியது. விழித்தே இருந்து களைத்துப்போனவரை மேலும் என்னதான் எழுப்புவது?

உங்கள் சபையார் ஜெபக்குறைவு என்று ஒரே பெயரில் அடக்கியதை ஆதித் துறவிகள் இன்னும் நுட்பமாகப் பிரித்துப் பார்த்தார்கள். எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்து 399-இல் மறைந்த எவாக்ரியுஸ், நடுப்பகலில் வரும் ஒரு பேயைப் பற்றி எழுதியிருக்கிறார். அது பிடித்த துறவிக்குப் பொழுது நகராது. சாப்பாட்டு வேளை ஆயிற்றா என்று அடிக்கொருதரம் வெளியே வந்து சூரியனைப் பார்ப்பார். இருக்கும் இடமும் செய்யும் வேலையும் வெறுத்துப்போகும். சகோதரர்களுக்குள் அன்பே அற்றுப்போயிற்று, தன்னைத் தேற்ற ஒருவருமில்லை என்று தோன்றும். வாசிக்கும் எவருக்கும் தன் கதைபோலவே இருக்கும் என்பதால் நீங்களும் அதை உங்கள்மேல் போட்டுக்கொள்ளக்கூடும். வேண்டாம். அந்தச் சோர்வு தூங்கி எழுந்தால் இன்னும் கனக்கும். வெறும் களைப்போ தூங்கினால் குறையும். உங்களுடையது எது என்பதற்கு அந்த ஆற்றங்கரை மாலையே சாட்சி. 131-ஆம் சங்கீதத்தில் வருவது பால்மறந்த குழந்தை; எதையும் கேட்டு அழாமல் தாயின் மடியில் சும்மா இருக்கும் குழந்தை. எலியா சொன்னதும் 'போதும்', உங்களுக்குத் தோன்றியதும் 'போதும்'. அவருக்கு அது வற்றியதால் வந்தது, உங்களுக்கு நிறைந்ததால் வந்தது.

இதோடு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போதிய ஓய்வுக்குப் பிறகும் உறக்கமும் பசியும் கெட்டு, வாரக்கணக்கில் எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் மருத்துவரைப் பார்க்கத் தயங்காதீர்கள். காய்ச்சலுக்கு மாத்திரை விழுங்கும் நம் மக்கள் மனத்தின் நோயை மட்டும் விசுவாசக்குறைவு என்று ஏன் சொல்கிறார்கள் என்பது எனக்கு விளங்கியதே இல்லை.

இளைப்பாறுதல் என்ற சொல்லை நாம் வசன அட்டைகளில் எழுதி எழுதித் தேய்த்துவிட்டோம். இளைப்பு ஆறுவதுதான் இளைப்பாறுதல். தமிழில் எதெல்லாம் ஆறும் என்று பாருங்கள்: கொதித்த பால் ஆறும், பட்ட புண் ஆறும், கோபம் ஆறும், பசியாறுவோம். இவற்றில் எதுவும் அதட்டினால் ஆறுவதில்லை. அதற்குரிய பொழுதைக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே" என்று ஆண்டவர் அழைத்ததைத் தமிழில் முதன்முதலாகக் கேட்டவர்களுக்குச் சாலையோரத்துச் சுமைதாங்கி நினைவுக்கு வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். இரண்டு கற்களைச் செங்குத்தாக நட்டு, அவற்றின்மேல் ஒரு பலகைக்கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் வைப்பது வழக்கம். தலையில் விறகுக்கட்டோடு வருகிறவர், இறக்கிவிட ஆளில்லாமலே அந்தக் கல்லின்மேல் சுமையைச் சாய்த்து இறக்கி, மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடியும் தலையைக் கொடுத்து ஏற்றிக்கொண்டு போகலாம். தரையில் போட்டுவிட்டால் தூக்கிவிட இன்னொருவர் வர வேண்டும். அதனால்தான் அந்த உயரம். சாந்திவனத்தில் நீங்கள் செய்தது அதுதான். மாமியாரையும் வகுப்பையும் நீங்கள் தரையில் போட்டுவிடவில்லை. இரண்டு நாள் கல்லின்மேல் வைத்தீர்கள்.

ஐக்கியத்தை விட்டு ஓடினால்தான் ஓய்வு என்று தோன்றுவது உங்கள் குறையா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதில் ஓய்வுநாள் கட்டளையிலேயே இருக்கிறது. பத்துக் கட்டளைகள் இரண்டு இடங்களில் வருகின்றன. யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தில், கர்த்தர் ஆறு நாளில் எல்லாவற்றையும் உண்டாக்கி ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார் என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. உபாகமம் 5-ஆம் அதிகாரத்திலோ காரணம் வேறு: நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், அதை நினை, உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும். இந்த 'உன்னைப்போல' என்ற சொல்லில்தான் ஓய்வும் ஐக்கியமும் ஒன்றாகின்றன. ஒருவர் இளைப்பாறுவதற்காக இன்னொருவர் கூடுதலாக உழைக்க நேர்ந்தால் அது எகிப்துதான். நம் சபைகளில் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்விப்பது பெரும்பாலும் யாத்திராகமத்தின் வாசகத்தை. உபாகமத்தைச் செய்வித்திருந்தால், ஓய்வுநாள் பள்ளி என்று ஒன்றை நடத்திக்கொண்டு அதன் ஆசிரியைக்கு 19 ஆண்டுகளாக ஓய்வுநாளே இல்லாமல் வைத்திருக்கிறோமே என்று ஒரு பிள்ளையாவது எழுந்து கேட்டிருக்கும்.

வாட்ஸப்பில் உங்களுக்கு வசனம் அனுப்பியவர் எபிரெயர் 10:25-ஐ அனுப்பியிருக்கிறார். அதற்கு முந்தின வசனத்தில் 'ஒருவரையொருவர் கவனித்து' என்று இருக்கிறது. வாக்கியம் அங்கேதான் தொடங்குகிறது.

எலியாவின் கதைக்கு மீண்டும் போகிறேன், ஏனென்றால் அது தூக்கத்தோடு முடிவதில்லை. ஓரேபில் அவர் இரண்டு முறை சொல்வது ஒரே வாக்கியம்: நான் ஒருவன்மாத்திரம் மீதியாயிருக்கிறேன். வேலைக்காரனைப் பெயெர்செபாவில் விட்டுவிட்டு வந்தவர் பேசும் பேச்சு அது. அதற்குக் கிடைத்த பதிலில் இரண்டு செய்திகள் நமக்கு முக்கியம். பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்கு முழங்கால் முடக்காத 7000 பேர் இருக்கிறார்கள் என்பது ஒன்று. எலிசாவைத் தேடிப் போ என்பது மற்றொன்று. 7000 பேரை எலியா கண்ணால் கண்டதாகக் கதையில் இல்லை. எலிசா ஒருவரையே கண்டார், ஏர் உழுதுகொண்டிருந்த நிலையில். அந்த எலிசா செய்த முதல் காரியம், தன் ஏர்மாடுகளை அடித்து, ஏர் மரத்தையே விறகாக்கிச் சமைத்து, ஜனங்களுக்குச் சாப்பாடு போட்டது. நம் ஊர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை, சபையே கூடி உண்ணும் அசனம்!

எங்கள் ஊரில் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகையை ஒட்டி அசனம் நடக்கும். முந்தின இரவே ஊர் கூடிக் காய் நறுக்கும். அடுப்பு வெட்டி, அண்டா ஏற்றி, சமைத்துப் பரிமாறுவது ஆண்கள். கோயில் வளாகத்தில் பாய் விரித்து, யார் பக்கத்தில் யார் என்று பாராமல் எல்லாரையும் உட்கார்த்திவைப்பார்கள். (பாராமல் என்பது ஏற்பாடு, எப்போதும் அப்படியே நடந்தது என்று சத்தியம் செய்யமாட்டேன்.) என் அம்மாவுக்கு இலைக்கு முன்னால் உட்காரவே தெரியாது. பந்தியில் யாராவது தண்ணீர் என்றால் அவள் கை தரையில் ஊன்றிக்கொள்ளும், எழுவதற்கு. ஒருமுறை, எனக்குச் சித்தப்பா முறையுள்ள ஒருவர் சோற்று வாளியோடு வந்து, கரண்டியை அவளுக்கு முன்னால் குறுக்கே நீட்டி, "மதினி, இன்னைக்கு நீங்க எந்திரிக்கப்படாது" என்றார். அம்மா சிரித்தபடி உட்கார்ந்துவிட்டாள். கத்தரிக்காயும் ஆட்டுக்கறியும் கிடந்த அந்தக் குழம்பைச் சோற்றில் பிசைந்து, அவசரமில்லாமல், சுற்றிலும் வேடிக்கை பார்த்துக்கொண்டு அவள் சாப்பிட்டதை எதிர்ப்பந்தியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வருடம் முழுக்க எங்களுக்குப் பரிமாறிவிட்டு அடுக்களையில் நின்றபடியே சாப்பிட்டவள் அவள். ஐக்கியம் என்ற சொல்லை யார் சொன்னாலும் எனக்கு அந்தக் கரண்டிதான் நினைவுக்கு வருகிறது.

இந்து ஆசிரமம் என்று சொன்னவருக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடலாம். நம் மாநிலத்தில் கிறிஸ்தவ ஆசிரம முயற்சியைத் தொடங்கிவைத்தவர்கள் நம்மைப்போன்ற சீர்திருத்தச் சபையார்தான். 1921-இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவிய சவரிராயன் யேசுதாசன், ஏர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன் இருவரும் மருத்துவர்கள். ஒருவர் தமிழர், மற்றவர் ஸ்காட்லாந்துக்காரர். மணம் செய்துகொள்ளாமல், கதர் உடுத்தி, நோயாளிகளைக் கவனித்து ஒன்றாக வாழ்ந்த அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அழைத்தார்கள். தமிழர்தான் பெரியண்ணன். வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் ஒரு வெள்ளைக்காரர் தமிழருக்குத் தம்பியாயிருக்கச் சம்மதித்தார் என்பதை நம் சபை வரலாறுகளில் இன்னும் பெரிதாக எழுதியிருக்க வேண்டும்.

சாந்திவனம் 1950-இல் மோன்சனின், லெ சோ என்ற இரு பிரெஞ்சுக் குருக்களால் தொடங்கப்பட்டது. அங்கே உங்களுக்குக் கிடைத்த அமைதியைக் கண்டு, ஐக்கியம் அங்கே தயாராக இருக்கிறது, நம் சபையில்தான் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். தொடக்க ஆண்டுகளில் அவர்களோடு நிலைத்துத் தங்க ஆளே வரவில்லை. இருவருக்குள்ளும் கருத்து வேறுபாடுகள் இருந்தன. மோன்சனின் நோயுற்றுப் பிரான்சுக்குத் திரும்பி 1957-இல் மறைந்தார். அபிஷிக்தானந்தர் என்று பெயர் கொண்ட லெ சோ, 1968-இல் இடத்தை ஆங்கிலேயத் துறவி பீட் கிரிபித்ஸிடம் ஒப்படைத்துவிட்டு இமயமலைப் பக்கம் போய்விட்டார். அதன்பிறகே பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். இரண்டு நாள் விருந்தாளிக்கு எந்த ஆசிரமமும் அமைதியாகத்தான் இருக்கும். அங்கேயே இருக்கிறவர்களைக் கேட்டால் அவர்களிடமும் ஒரு வியாழக்கிழமை இருக்கும்.

ஆகவே, இனி என்ன செய்யலாம்? மாற்கு 6-ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். ஊழியத்திலிருந்து திரும்பிய சீஷர்களுக்குச் சாப்பிடக்கூடச் சமயமில்லை. வனாந்தரமான இடத்தில் சற்றே இளைப்பாறப் போவோம் வாருங்கள் என்று ஆண்டவர் அழைக்கிறார். படகேறுகிறார்கள். ஜனங்களோ கால்நடையாக ஓடி அவர்களுக்கு முன்பே அங்கே போய் நிற்கிறார்கள். பிறகு 5000 பேருக்குப் பரிமாறுவதும் 12 கூடை மீதியைப் பொறுக்குவதும் யார்? ஓய்வுக்கென்று வந்த அதே சீஷர்கள். நமக்கு மிகவும் பழக்கமான காட்சி இது. அதற்கு அடுத்த வசனத்தில்தான் நான் கவனித்த ஒன்று இருக்கிறது. சீஷர்களைத் துரிதப்படுத்திப் படகில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஜனங்களை அனுப்பிவைக்கும் வேலையை ஆண்டவர் தாமே எடுத்துக்கொள்கிறார். அதன்பிறகே அவர் ஜெபம்பண்ண மலைமேல் ஏறுகிறார். (அன்றிரவும் சீஷர்களுக்கு உறக்கமில்லை, எதிர்க்காற்றில் தண்டுவலித்து வருந்தினார்கள் என்பது வேறு கதை.) ஒருவர் கரையில் நின்று கூட்டத்தை அனுப்பிவைத்தால்தான் மற்றவர் படகேற முடியும்.

உங்களுக்கு வேண்டியது இன்னொரு கூட்டமன்று, கரையில் நிற்க நான்கு பேர். உங்கள் சேகரத்து ஐயாவிடம் (போதகரிடம்) நேரில் போய், மூன்று மாதத்துக்கு வகுப்பையும் பாட்டையும் வேறொருவரிடம் கொடுக்கும்படி கேளுங்கள். ராஜினாமா செய்கிறேன் என்ற தொனி வேண்டாம். படகேறுகிறேன் என்று சொல்லுங்கள். அடுத்து, பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எழுந்து, ஞாயிறு காலை ஏழு மணியிலிருந்து ஆராதனை முடியும்வரை உங்கள் மாமியாரோடு முறைவைத்து ஒருவர் இருக்க முடியுமா என்று கேளுங்கள். ஜெபித்துக்கொள்கிறோம் என்று சிலர் சொல்வார்கள். நல்லது, ஜெபித்துக்கொண்டே கஞ்சியும் கொடுக்கலாம் என்று சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும் என்று தெரியும். 19 ஆண்டுகள் கொடுத்தே பழகிய கைக்கு நீட்டுவது கடினம். ஆனால் நீங்கள் கேட்காதவரை அவர்களும் ஐக்கியம் என்றால் வெள்ளிக்கிழமைக் கூட்டம் என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த மூன்று மாதமும் கோயிலுக்குப் போவதை விடாதீர்கள். கடைசி வரிசையில் உட்காருங்கள். பாட்டு வராவிட்டால் பாட வேண்டாம், பக்கத்தில் பாடுகிறவர்கள் பாடட்டும். கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை இறக்கிய நான்கு பேரைப் பற்றிச் சொல்லும்போது, ஆண்டவர் 'அவர்கள் விசுவாசத்தைக் கண்டு' என்று மாற்கு எழுதுகிறார். கட்டிலில் கிடந்தவன் அப்போது என்ன நினைத்துக்கொண்டிருந்தான் என்று ஒரு வார்த்தை இல்லை.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். வகுப்பை ஒப்படைக்கும்போது வருகைப் பதிவேடு, பாடப்புத்தகம், சாக்குக்கட்டி டப்பா, அலமாரிச் சாவி எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். சாவியை மட்டும் நீங்கள் வைத்துக்கொண்டால், முதல் ஞாயிறே பூட்டைத் திறக்க உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

அன்புடன்.